விலைக்கூறு

அளவு நாடாவின் ஒரு முனையைச் சுகிர்தமலர் பிடித்தாள்.
மறுமுனையோடு நான் பின்பக்கமாய் நடந்தேன்,
வாசலிலிருந்து காசுப் பீடம் வரை
நாற்பத்தொரு அடி.

உட்துறைமுக வீதியில் மூன்று மாடி.
கீழே நகை அடகு. நடுவில் லீசிங்.
மேலே யாரும் கூடாத கூட்ட அறை,
தூசிக்கு மட்டும் அங்கே நிரந்தர நியமனம்.

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்றார்
முகாமையாளர் நிமலரூபன்.
அழுக்கு சதுர அடியில் இருப்பதில்லை, ஐயா.
சொல்லவில்லை. குறித்துக்கொண்டேன்:

பீடத்தின் முன்னால், ஆட்கள் கால் மாற்றி மாற்றி நின்றதில்
மினுக்கம் போன ஒரு முழத் தரை.
காத்திருப்போர் கதிரைகளுக்குப் பின்னால், சுவரில்
தலை எண்ணெய், ஒன்பது வட்டங்கள்.
கடல் பார்த்த கண்ணாடி பன்னிரண்டு:
காலையில் துடைத்தால் பின்னேரம் உப்புப் பூக்கும்,
கிழமைக்கு மூன்று தரம்,
கச்சான் அடிக்கும் மாதங்களில் நான்கு.
வாசற்படியில் மான் புழுக்கை.
இரவில் வந்து ஏ.டி.எம். வெளிச்சத்தில் படுக்கின்றனவாம்.
"இன்னும் கணக்குத் திறக்கவில்லை" என்று சிரித்தார்
காவலாளி ஜயரத்ன.
மானுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம்.
பெண்கள் மலசலகூடத்தில் தாழ்ப்பாள் இல்லை.
அது என் வேலையில் சேராது,
ஆனாலும் எழுதினேன்.

"அந்த இரும்புக் கதவு?"
"அது வேண்டாம். உள்ளே நாங்கள் மட்டுந்தான்."
சரி. வெளிப்புறம் மட்டும்,
ஏழடிக்கு மூன்றரை.

இரவு, மகனின் கொப்பியில் பின்பக்கமாய்க் கூட்டினேன்.
மூன்று பேர், ஆளுக்கு மூன்றரை மணி.
கூலி. சேமலாப நிதி.
பைறூசாவுக்குக் கிண்ணியாவிலிருந்து முதல் பஸ் காசு.
கையுறை நல்லதாக: போன வருசம்
சுகிர்தமலரின் விரலிடுக்கில் குளோரின் தின்ற இடம்
இன்னும் வெள்ளை.
மொப் தலை மாதம் இரண்டு.
எல்லாரும் பினாயில் என்றே சொல்கிற
ஐந்து வகைத் திரவம்.
தரை மெருகேற்றும் மெசினின் தேய்மானம்...

இங்கே பேனா கொஞ்சம் நின்றது.

மெசின் வாங்கியது இந்தக் கட்டடத்தின் காசில்.
சித்திரையில் இதே கதிரை வரிசையில்
இரண்டரைப் பவுண் சங்கிலியைக்
கடதாசி உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு இருந்தேன்.
ஐந்தாவது வட்டம் என் தலையாயிருக்கலாம்.
இரும்புக் கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு தட்டில்
துண்டு இலக்கம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
அதன் மேல் தூசி விழுந்தால்
யார் துடைப்பார் என்று நான் கேட்கவில்லை.

"இதர செலவு" என்று ஒரு வரி போட்டேன்.
ஐயாயிரத்து அறுநூறு.
மாதாமாதம் நான் அவர்களுக்குக் கட்டும் வட்டி,
அவர்களே தரட்டும்.
கணக்கியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கும்.
சுகிர்தமலர் "பழி" என்றாள்.

வியாழன் அழைப்பு வந்தது.
"கொஞ்சம் கூடத்தான். கொழும்புக் கம்பனி ஒன்று
உங்களைவிடக் குறைவாய்த் தருகிறது.
பத்து வீதம் குறையுங்கள்."

கொழும்புக் கம்பனிக்கு மானைத் தெரியுமா?
கையுறையில் கை வைத்தால் தோல் போகும்.
பஸ் காசில் கை வைத்தால் பைறூசா போவாள்.
மேல்மாடிக் கூட்ட அறையை முழுதாய் வெட்டினேன்,
தூசி அங்கேயே ஓய்வூதியம் வரை இருக்கட்டும்.
ஏழு வீதம் குறைந்தது.
இதர செலவைத் தொடவில்லை.

"யோசித்துத் திங்கள் சொல்கிறேன்" என்றார்.
திங்கள் போயா.
இருவருமே மறந்துவிட்டோம்.

செவ்வாய் என் வட்டி நாள்.
எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும்.
ஐந்தாவது கதிரை வெறுமையாய் இருந்தால்
இருந்து காத்திருப்பேன்,
தலையைச் சுவரில் சாய்க்காமல்.