நேற்றுத் தாங்கியது

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்:
நேற்றுக்கூடப் போனேனே.

லோவெல் ஹாகன்ரூட்டும் அதைத்தான் சொன்னார்,
கரையோர பார் வாசலில்
யாருடைய கோட்டுக்குள்ளோ நடுங்கியபடி.
நான் கேட்கவே இல்லை.
மூழ்கிய வண்டிகளை எடுப்பது என் தொழில்.
காரணங்களை எடுப்பதில்லை.

மின்னசோட்டாவின் வட ஓரம்.
ஜனவரி பிறந்தால் ஏரிக்குள் சாலை வந்துவிடும்.
வெண்பனியை வழித்து வழி போடுவார்கள்,
பண்டிகை முடிந்த கிறிஸ்துமஸ் மரங்களை நட்டு
ஓரம் காட்டுவார்கள்.
மீன்பிடிக் கொட்டகைகள் வரிசை கட்டித் தெருவாகும்.
தெருவுக்கு ஒரு பெயரும் வந்து சேரும்.
பெயர் வைத்த பிறகு
அடியில் இருப்பது தண்ணீர் என்று
யார் நினைத்துக்கொண்டிருப்பது?

ஆழம் தெரியாமல் காலை விட்டவர் இங்கே யாருமில்லை.
ஆழம் வரைபடத்தில் இருக்கிறது, அடிக்கணக்கில்.
கனம்தான் எதிலும் இல்லை.
கறுத்த கட்டி நல்லது, வெளுத்தது அதில் பாதி.
மேலே பனி கம்பளம்போலப் போர்த்தியிருந்தால்
குளிர் கீழே இறங்காது, கட்டி வளராது.
படம் எடுக்கத் தோன்றும் இடங்களில்தான்
நான் அதிகம் முங்கியிருக்கிறேன்.
விரட்டி ஓட்டினால்
பனிக்கடியில் ஓர் அலை கூடவே ஓடும்;
கரையில் முட்டித் திரும்பி
எதிரே வரும்.

லோவெலின் வண்டி மூக்கைக் கவிழ்த்து இறங்கியது.
சுருட்டுப் புகைக்காகக் கண்ணாடியை இறக்கியிருந்தார்.
பெல்ட் போடும் வழக்கமே இல்லை.
நகரத்தில் அபராதம் கட்டவைத்த பழக்கம்
இங்கே அவரை
ஜன்னல் வழியே வெளியே தள்ளியது.

விளக்குகள் அணையவில்லையாம்.
நடுராத்திரிவரை பனிக்கடியில் ஒரு பச்சை வெளிச்சம்.
பக்கத்துக் கொட்டகைக்காரர்கள்
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

எடுத்துவிட முப்பது நாள் தருகிறது சட்டம்.
ஆறாம் நாள் போனோம்.
ஐவர் ரம்பத்தால் முக்கோணமாக அறுத்தான்.
கயிறு அவன் கையில், மறுமுனை என் இடுப்பில்.
விழுந்த ஓட்டைக்கு நேர்கீழே வண்டி இருக்காது,
சறுக்கிக்கொண்டு எங்கோ போயிருக்கும்.
கண்டுபிடித்தபோது
கூரை தரையாகக் கிடந்தது.

நான் மட்டும்தான் இருந்தேன் என்று
அவர்கள் சத்தியம் செய்தாலும்
பின்னிருக்கையைத்தான் முதலில் தடவுவேன்.
என் கையுறைக்குள் இன்னொரு கையுறை வந்தது.
நாலு விரலுக்கு ஒரு பை, கட்டைவிரலுக்கு ஒரு பை,
என் உள்ளங்கையில் பாதி.

திரும்பத் திரும்பத் துழாவினேன்.
இருக்கைக்கு அடியில். அதாவது மேலே.
தெர்மோஸ். தூண்டில் பெட்டி.
ஐவர் இரண்டுமுறை இழுத்துக் கேட்டான், நலமா.
பதில் இழுக்க மறந்துபோனேன்.
வேறெதுவும் இல்லை.
வேறு யாரும் இல்லை.

மேலே வந்து நீட்டினேன்.
லோவெல் வாங்கவில்லை. பனிமேல் உட்கார்ந்துவிட்டார்.
"சோல்வேயுடையது. அவளும் வந்தாள், முந்தின நாள்.
போகவர அதே வழி.
தூங்கிக்கொண்டே வந்தாள்."
அதன்பிறகு
நேற்று என்று அவர் சொல்லவில்லை,
வேறெதுவும் சொல்லவில்லை.
கையுறையிலிருந்து சொட்டிய நீர்
அவர் முழங்காலுக்கு எட்டுமுன் உறைந்தது.

வெளிச்சம் மங்கிவிட்டது.
ஏரி எங்கோ தொலைவில் ஒருமுறை முழங்கியது.
சங்கிலி, கம்ப்ரசர், நனைந்த உடை எல்லாம் ஏற்றி
ஐவர் சாவியைத் திருப்பினான்.
துளைத்துப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன்.
"காலையில் பதினாலு அங்குலம்.
நம் வண்டிக்குப் பதின்மூன்று போதும்.
வரும்போது தாங்கியதுதானே?"

இறங்கினேன்.
அவனுக்குக் குளிர், எனக்கும்தான்.
முன்சக்கரத்திலிருந்து இருபது தப்படி நடந்து
துளைகருவியை ஊன்றினேன்.
ஹாரன் அடித்தான்.
ஏழு. எட்டு.

ஒன்பதில் தண்ணீர் வந்தது.