செங்காய்

சிங்காரத்தோப்பில் படகெல்லாம் கரையேறிவிட்டன.
அறுபத்தொரு நாள்.
உப்பனாறு மட்டும் கடலுக்குப் போய்வருகிறது.
மீனோடு சமாதானம் என்று யாரும் சொல்வதில்லை,
தடைக்காலம் என்கிறார்கள்.
வலை காய்கிறது.

கம்மல் அடகுக்குப் போனது தெரிந்து
நீ கத்தியது செவ்வாய்க்கிழமை.
தட்டு பறந்தது என் கையிலிருந்து.

இன்று வெள்ளி.
"உப்பு போதுமா?"
சுவரைக் கேட்கிறாய்.
"போதும்."
சுவருக்குத்தான் சொன்னேன்.
குறைச்சல்தான்; இருக்கட்டும்.

அடகுச்சீட்டு இன்னும்
அரிசி டப்பாவுக்கு அடியில்.
நசுங்கிய தட்டில்தான் சோறு.

நடுவில் உட்கார்ந்த சங்கவி கேட்கிறாள்,
"ரெண்டு பேரும் காயா, பழமா?"

குழம்பு மாங்காயைக் கடித்துப் பார்த்தேன்.
பல் கூசுகிறது,
கொட்டையோரம் லேசாய் இனிக்கிறது.
"செங்காய்" என்றேன்.

தன் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்க்கிறாள்.
"அதுக்கு எந்த விரல்ப்பா?"