பள்ளிகொண்டா தாண்டக் கூடாது

மாதம் பதினொரு ரூபாய் நாலணா.
வாரிசுகள் இன்றைக்கு நாற்பத்தாறு பேர்.
வருஷத்துக்கு என் பங்கு
இரண்டு ரூபாய் தொண்ணூற்று மூன்று காசு.
சத்துவாச்சாரி போய்வர ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது.
போகிறேன்.
அந்தக் கருவூலத்தில்தான் இன்னும்
'முள்ளிவாசல் நாயனி வகையறா' என்று
உரக்கக் கூப்பிடுகிறார்கள், தப்பும் தவறுமாக.

முதலில் கோட்டைக்குள் மூன்று கட்டு வீடு.
பிறகு சைதாப்பேட்டை.
ஒரு மழைக்காலம் மட்டும் விரிஞ்சிபுரத்துச் சத்திரம்.
இப்போது கொசப்பேட்டை,
பீடிக் கம்பெனிக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனம்.
பல்லக்குக் கொம்பு எல்லா வீட்டுக்கும் வந்தது,
எந்த வாசலிலும் நுழையவில்லை.
அதில்தான் என் சீருடை காய்கிறது.

மேற்கே பள்ளிகொண்டா தாண்டக் கூடாது,
இது கும்பினி உத்தரவு.
மகள் குடியாத்தத்தில் பிரசவத்தில் கிடந்த இரவு
திம்மராஜ நாயனி பாலாற்றின் இக்கரையில்
விடியும்வரை நின்றாராம்.
ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை.
தாண்டவில்லை.
விடிந்ததும் அக்கரையிலிருந்து ஓர் ஆள் வந்தான்,
தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி.

உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை.
கேட்டுப் பார்த்தேன்.
கோப்பு மெட்ராஸில் இருக்கலாம்,
கரையானும் தின்றிருக்கலாம் என்றார்கள்.

ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
ஐந்தரைக்குக் கம்பெனி வேன்.
நவமணி என் தோளில் வாய் திறந்து தூங்குவாள்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில்
குறுக்குக் கம்பு இறங்கியிருக்கும்.
டிரைவர் கொட்டாவி விடுவார்.
கம்பு எழுவதற்குள்,
செருப்புக்குள் என் உள்ளங்கால்
ஈரமணலில் நிற்பதுபோல் கூசும்.

அப்புறம் வேன் போய்விடும்.