கவிழ்த்த வாளி

நாற்பது உருளை உலர்புல்லுக்கு ஈடாக
இந்தப் பழுப்பியைக் கொண்டுவந்து விட்டுப்போனான் ஹல்வர்துர்.
பணம் வந்ததும் மீட்டுக்கொள்கிறேன் என்றான்.
எங்கள் ஐஸ்லாந்து மொழியில் கடனுக்கு ஸ்குல்ட் என்று சொல்.
அதையே அவளுக்குப் பெயராக வைத்தேன்.

நான்கு வயது.
எரிமலைக் கரம்பில் கோடையெல்லாம் திரிந்தவள்.
செப்டம்பரில் மந்தையோடு இறங்கி வந்தபோது
மனித வாடை பட்டாலே
மூக்கைச் சுருட்டிக்கொண்டு பின்புறத்தைக் காட்டுவாள்.

முதல் வாரம் நான் செய்தது ஒன்றுதான்:
லாயத்து மூலையில் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.
மீன் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து
விரல்களில் இன்னும் செதில் வாடையோடு
பழைய செய்தித்தாளில் வானிலை படித்தேன், உரக்க.
தென்கிழக்குக் காற்று. கடல் கொந்தளிப்பு. மாலையில் ஆலங்கட்டி.
ஆறாம் நாள்
என் தொப்பி விளிம்பில் ஒரு மூச்சு.
திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பாமலிருந்ததில் கழுத்து வலித்தது.

பிறகு கயிறு.
இழுக்க அல்ல, விட.
விரல்நுனிப் பாரம் மட்டும் வைப்பேன்;
குளம்பை அசைக்க அவள் நினைத்தாலே போதும்,
நினைத்த அந்த நொடியில் கையைத் திறந்துவிடுவேன்.
தாமதித்தால் என் தப்பு.
அவளுக்கு என்ன புரியும்,
இந்தப் பொம்பளை ஒரு நிலையில் இல்லை என்பதைத் தவிர?

இடக்கண்ணுக்குப் பழகியது
வலக்கண்ணுக்குத் தெரியாது.
இடப்பக்கம் என் மஞ்சள் மழைக்கோட்டை நக்கிப் பார்த்தவள்
வலப்பக்கம் அதே கோட்டைக் கண்டு
பேயறைந்ததுபோல் துள்ளினாள்.
ஆகவே போர்வை இரண்டுமுறை,
சேணம் இரண்டுமுறை,
"வா" என்ற சொல்கூட இரண்டுமுறை.

பிப்ரவரியில் ஒருநாள்
கூரைத் தகரம் பிய்ந்து பறந்தது.
அவள் பின்வாங்கியதில் கயிறு உள்ளங்கையை உரித்தது.
கத்தினேன்.
கத்தியதோடு நிற்கவில்லை, இழுத்தேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உடம்போடு,
சம்பளத்தைப் பிடித்த மேலாளரின் முகம்வரை
எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தேன்.
மறுநாள் உள்ளே நுழைந்ததும்
பின்புறத்தைக் காட்டினாள்.

மறுபடி வாளி. மறுபடி வானிலை.
மன்னிப்பைக் குதிரையிடம் சொல்ல முடியாது,
உட்கார்ந்து காட்டலாம்.
பத்தொன்பது நாள் காட்டினேன்.

ஏப்ரலில்
அவள் முதுகில் மூட்டைபோல் குறுக்கே கிடந்தேன்.
என் வயிற்றுக்கு அடியில்
அவள் குடல் உறுமுவது கேட்டது.
இறங்கினேன். ஏறினேன். இறங்கினேன்.
ஒருநாள் காலை அந்தப் பக்கம் போட்டு நிமிர்ந்தபோது
இரண்டு காதும் என்னை நோக்கித் திரும்பின,
மேலே இருப்பதும் நீதானா என்பதுபோல்.
நான்தான் என்றேன்.
தென்கிழக்குக் காற்று என்றேன்.
காதுகள் முன்னால் போயின, பின்னாலேயே அவளும்.

மே கடைசியில் ஆற்றுத்துறை.
பனி உருகிய சாம்பல் நீர்.
அவள் நின்றாள். நானும் நின்றேன், அவள்மேல்.
குதிகாலால் தொடவில்லை.
ஒரு உள்ளான் எங்களைத் திட்டிவிட்டுப் பறந்தது.
தலையைத் தாழ்த்தினாள், குடித்தாள், செருமினாள்,
பிறகு தன்பாட்டுக்கு இறங்கினாள்.
என் பூட்ஸுக்குள் ஆறு புகுந்தது.
அக்கரை ஏறியதும் ஒரு ஓட்டம் எடுத்தாள் பாருங்கள்,
அரைமைல் தூரம்
என் பின்னல் முதுகில் தட்டவேயில்லை.

ஜூனில் ஹல்வர்துர் வந்தான், உறையில் பணத்தோடு.
எண்ணினேன். சரியாக இருந்தது.
ஒரு தாளாவது குறையாதா என்று மறுபடி எண்ணினேன்.
கடன் தீர்ந்தது.

கயிற்றை வாங்கி இழுத்தான். அவள் பாறையானாள்.
பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம்.
"கையைத் திற" என்றேன்.
திறந்தான்.
ஸ்குல்ட் ஒரு அடி எடுத்துவைத்தாள்,
அவனை நோக்கி.
அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

வண்டியின் பின்கதவு மூடிய பிறகு
ஓடிப்போய் முன்பக்கக் கண்ணாடியைத் தட்டினேன்.
இறக்கினான்.
வாளியை உள்ளே திணித்தேன்.

"தண்ணீர் காட்டவா?"

"இல்லை. கவிழ்த்து உட்கார."