ஒ விழுந்த சொல்

ஒபாசம் என்று புத்தகத்தில் இருக்கிறது.
ஆர்கன்சாஸ் மலைச்சரிவில் யாருக்கும்
அந்த முதலெழுத்துக்குப் பொறுமை இல்லை.
விழுங்கிவிட்டுச் சொல்வார்கள்: பாசம்.
ராத்திரி பாசம் வந்தது,
காலையில் கோழியைக் காணோம்.

ஆர்வெல்லா கணக்கு வைத்தாள்,
தீவனக் கடை காலண்டரின் பின்புறம்.
செப்டம்பரில் முட்டை பதினொன்று.
கழுத்து மட்டும் மெல்லப்பட்ட வரிக்கோழி.
அடைக்கு உட்கார்ந்திருந்த சிவப்பி, அதன் கீழிருந்த ஏழும்.
கம்பிவலைக்கடியில் அவள் முழங்கைகூட நுழையாத சந்து.
வந்ததும் அதன் வழியே,
வயிறு நிரம்பிப் போனதும் அதன் வழியே.

முதல் முறை அவளே பிடித்தாள்.
லாந்தர் வெளிச்சத்தில் வெள்ளை முகம்
ஐம்பது பல்லையும் காட்டிச் சீறியது.
துடைப்பக் கட்டையால் ஒன்று வைத்தாள்.
அவ்வளவுதான், சாய்ந்தது.
நாக்கு தொங்கியது, எச்சில் வழிந்தது,
பின்பக்கத்திலிருந்து பச்சையாய் ஒரு நாற்றம்.
ஒரே அடியில் ஓர் உயிரா என்று
அவளுக்கே கை நடுங்கியது.
புதைக்கலாமென்று மண்வெட்டி எடுக்கப் போனாள்.
திரும்பி வந்து பார்த்தால்
புல் மட்டும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

வாரக் கடைசிக்குள் கணக்கில்
இன்னும் இரண்டு கோழி ஏறியது.

ஹாய்ட் சிரித்த சிரிப்புக்கு
மூன்று நாள் அவனோடு அவள் பேசவில்லை.
நாலாம் நாள் அவனாகவே சொன்னான்:
"நீ பார்க்கிறவரைக்கும்தான் அது செத்திருக்கும், ஆர்வி.
விளக்கைத் தணித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நில்.
முதலில் காது அசையும்."

அக்டோபரில் பெர்சிமன் கனிந்ததும்
ஆண்கள் நாயோடு இருட்டுக்குள் போனார்கள்.
தோலுக்கு முப்பது காசு, கறி வீட்டுக்கு.
நாய் அண்ணாந்து குரைத்த மரத்திலிருந்து
ஹாய்ட் அதை வாலைப் பிடித்து இறக்கினான்.

உடனே சமைக்க முடியாது.
செத்த மாடு, தவளை, ஆர்வெல்லாவின் கோழி,
கண்டதையும் தின்ற உடம்பு;
உள்ளேயிருந்து கழுவ வேண்டும்.
பழைய முயல் கூண்டில் பத்து நாள்
சோள ரொட்டியும் மோரும்.
கோழிக்கே கைப்பிடியால் அளந்து போடும் வீட்டில்
கள்ளனுக்கு இரண்டு வேளை.
வைத்தது அவள்தான்.
ஏழாம் நாள், அவள் செருப்புச் சத்தத்துக்கு
கம்பி இடுக்கில் மூக்கை நீட்டியது.
எட்டாம் நாளிலிருந்து ஹாய்டை அனுப்பினாள்.

பதினோராம் நாள்
சுடுசாம்பல் நீரில் மயிர் சுரண்டி,
உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு,
சுற்றிலும் சர்க்கரைவள்ளி அடுக்கி அடுப்பில் ஏற்றினாள்.
கொழுப்பு உருகிக் கிழங்கெல்லாம் பளபளத்தது.
மேசையில் ஹாய்ட், அவன் தம்பி க்ளீட்டஸ்,
சாப்பாட்டு நேரம் பார்த்து வந்த பாதிரியார்.
"கொஞ்சம் கோழி மாதிரி இருக்கிறது" என்றார் பாதிரியார்.
"இருக்கும்," என்றாள்,
"அதில் நாலு என்னுடையவை."
அவள் கிழங்கை மட்டும் தின்றாள்.
கிழங்கிலும் அதுதான் இருந்தது.

இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி,
உள்ளறைக் கட்டிலில்
ஹாய்ட் வாய் திறந்து கிடந்தான்.
டாக்டர் மணிக்கட்டை விட்டுவிட்டுத்
தன் தொப்பியைத் தேடினார்.
பெட்டி செய்கிறவனுக்குப் போன் பண்ண
க்ளீட்டஸ் வெளியே போனான்.

அவள் எழுந்து விளக்கைத் தணித்தாள்.
கதவை ஒரு விரல் அகலம் விட்டுச் சாத்தி
அதன் பின்னால் நின்றாள்,
அவன் காதையே பார்த்தபடி.

கூட்டில் கோழிகள் கலைந்து கத்தின.
அவள் திரும்பவில்லை.