பயனுள்ள செலவுகள்

ப. செ. என்றால் என்ன என்று கேட்கிறாள்
அரசு வழக்கறிஞர் லிண்டெக்.
அவள் பள்ளிக்கூடம் போன வருஷத்துக் கோப்பு அது.
பயனுள்ள செலவுகள், என்கிறேன்.
யாருக்குப் பயன்?
அந்தக் கட்டம் எங்கள் பேரேட்டில்
இருந்ததே இல்லை.

வூப்பர்டால். மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே,
தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கியபடி
போகிறது ரயில்.
மேசைக்கு அந்தப் பக்கம்
இரண்டு வக்கீல்களுக்கு நடுவே
ஹெஸ்டர்மான்.
முப்பத்தொரு வருஷமாய் அவர் கையெழுத்தைப்
படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

பதினாறு வயதில் பட்டறைக்கு வந்தாராம்.
சேர்ந்த பையன்களுக்கு ஆறு வாரம் ஒரே வேலை:
இரும்புக் கட்டியை அரத்தால் ராவ வேண்டும்.
அளவுகோலை மேலே வைத்து
வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்
இடுக்கில் ஒரு மயிரிழை ஒளியும் தெரியக்கூடாது.
அவருக்கு நான்கு வாரம் போதுமாய் இருந்தது.
நாற்பது வயதில், வால்வின் மேல் காதை வைத்து
எங்கே கசிகிறது என்று சொல்வார்.
ஐம்பதில் இயக்குநர்.
இயக்குநர்களுக்கு மட்டும் பச்சை மை.
எங்கள் நிறுவனத்து வழக்கம்.

தூர தேசங்களை அவரிடம் கொடுத்தார்கள்.
எரிவாயுக் குழாய் போடுகிற தேசங்கள்,
மந்திரிகளின் மைத்துனர்கள், துறைமுகத்து ஓட்டல்கள்,
வாடூஸில் ஒரு கணக்கு,
அதற்கு ஒரு பூவின் பெயர்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
இவர் நக்கியதில்லை. சத்தியம் செய்வேன்.
பழைய காரையே ஓட்டினார்,
மதியத்துக்கு வீட்டு ரொட்டி.
தேனை முழுசாய்ப் பிறர் கையில் ஊட்டினார்.
கையூட்டு என்ற சொல்லை
இத்தனை நேர்த்தியாய் யாரும் செய்து காட்டியதில்லை.

முன்பெல்லாம் வரி அதிகாரியே வருவார்.
ரசீது இருக்கிறதா என்பார்.
இருக்கும்.
கழித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.
பிறகு, அந்த நூற்றாண்டின் கடைசிக் குளிர்காலத்தில்
சட்டம் மாறியது.
கோப்பின் முதுகில் ஆலோசனைக் கட்டணம் என்று எழுதினோம்.
உள்ளே, பழக்கதோஷம், ப. செ.
இன்னொன்றும் மாறியது:
அந்தக் கோப்புகளில் பச்சை மை வராது.
பென்சிலால் இரண்டு எழுத்து. லேசாக.

பத்து வருஷம் பாதுகாக்க வேண்டிய தாளில்
பென்சில் கூடாது.
அது விதி. நான் விதிப்படி நடப்பவள்.
வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் போன பின்
விளக்கை அருகில் இழுத்துக்கொண்டு
அவர் எழுத்தின் மேலேயே
நீல மையால் எழுதினேன்.
கோடு பிசகாமல்.

"இது யார் கை?"
லிண்டெக் தாளை நகர்த்துகிறாள்.

அவர் எடுக்கிறார்.
ஜன்னல் பக்கம் திரும்பி
கண் மட்டத்துக்கு உயர்த்தி
சாய்க்கிறார், அந்தப் பதினாறு வயதுப் பையனைப் போல.
மைக்கு அடியில்
பென்சில் அழுத்திய பள்ளம் இருக்கிறது.
இங்கிருந்து எனக்கே தெரிகிறது.
அவருக்குத் தெரியாமல் போகாது.
வக்கீல்களில் ஒருவர் இருமுகிறார்.

"என்னுடையது இல்லை."

தாளை மேசை விளிம்போடு
ஒட்டி, நேராக வைக்கிறார்.
இடுக்கில் ஒரு மயிரிழை ஒளியும் இல்லை.

திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.
உட்கார இடம் இருந்தது.
கீழே கறுப்பாய் ஆறு.
அந்தத் தேசத்தில்,
பெயரைச் சொல்லாதீர்கள் என்கிறார் என் வக்கீல்,
ஆம், எனக்கும் இப்போது ஒரு வக்கீல்,
மணலுக்கு நடுவே எங்கள் வால்வுகள்
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றுகூட இதுவரை கசியவில்லையாம்.

கைப்பையில் நீலப் பேனா கிடந்தது.
மூடி சரியாக இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.