தசம் எட்டு ஒன்று

கோப்பைக்கு ஜோடி சோசர் என்று
தெரியாத பிள்ளைக்கு மூளை குறைவு.
கறுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஒரு காலம்
அப்படித்தான் எழுதிவைத்தார்கள்.
வீட்டில் சோசர் இருந்ததா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

வாஷிங்டனில் ஆறு குளிர்காலம்
கறுப்பர் உளவியல் படித்தேன்.
கோபப்படவும் அங்கேதான் பழகினேன்,
அடிக்குறிப்புகளோடு.

திரும்பிவந்து கிளிநொச்சி அறிவியல் நகரில்
தொழில் நாட்டம் அறிய அறுபது கேள்வி செய்தேன்.
பனிச்சறுக்கை வெட்டி நெல் தூற்றலைப் போட்டேன்.
ஓப்பராவை வெட்டிக் கூத்து.
நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்,
நம்பகக் குணகம் தசம் எட்டு ஒன்று.
என் பேராசிரியர் பதவி
அந்தத் தசமத்தில் ஏறி வந்தது.

போன வியாழன், பளை.
கண்ணிவெடி அகற்றும் பெண்கள் இருபத்தாறு பேர்.
நிலம் முடியப்போகிறது, ஒப்பந்தமும்.
மின்விசிறி ஓடாத மண்டபத்தில்
தாளையும் பென்சிலையும் கொடுத்தேன்.

யோகமலர், பாரதிபுரம்.
பதினொரு வருடம் முகமாலையில் முழங்காலில்.
கூட்டிப் பார்த்தேன். எல்லா நிரலிலும் தாழ்வு.
"தெளிவான நாட்டம் எதுவும் இல்லை"
என்றது என் கையேடு, பக்கம் பதினெட்டு.

நெல் தூற்றல் பிடிக்காதோ என்று கேட்டேன்.
"காணி இல்லை சேர். அப்பா ஆக்கள்
எழுபத்தேழில அட்டனில இருந்து வந்தவை.
தூற்றினதெல்லாம் ஆரின்ரையோ நெல்."

கூத்து?
"அந்தக் கோயில் வீதியில
எங்கட ஆக்களை ஆட எடுக்கிறேல்லை."

பிறகு அவளே சொன்னாள்,
தாளைப் பார்க்காமல், மேசைத் தூசியில் விரல் வைத்து:
"மண்ணைத் தொட்டா எனக்குத் தெரியும்,
ஆரும் கிண்டி மூடினதோ, இல்லையோ எண்டு.
அதுக்கு எந்தப் பெட்டியில சரி போடுறது?"

பெட்டி இல்லை.
சாவகச்சேரியில், எங்கள் வீட்டு அலுமாரியில்
தங்க விளிம்பு வைத்த சோசர்கள் ஆறு இருந்தன.
ஏனோ அவைதான் நினைவுக்கு வந்தன.

"சேர் இதை ஒருக்கா நிரப்பிப் பாத்தனீங்களோ?"
சிரிக்காமல்தான் கேட்டாள்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில், ஆனையிறவு உப்புக் காற்றில்
படபடக்கும் தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு
முதலாம் கேள்வியிலேயே நிற்கிறேன்.

நெல் தூற்றுவது உமக்கு விருப்பமா?

நான் ஒருநாளும் தூற்றியதில்லை.